காலை 6 மணி கேபினட்

1

1975 ஜூன் 25ஆம் தேதி இரவு பிரதமர் இந்திரா காந்தி, குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமதுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உள்நாட்டுக் குழப்பத்தால் தேசத்தின் பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து, 352ஆம் பிரிவின்கீழ் பிரகடனம் தேவை என்பது அதன் சாரம். இந்த அளவு எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிடுகிற சங்கதி. என்னை நிறுத்தியது அதற்கடுத்து வரும் பகுதி. இதை கேபினட்டில் வைத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும், இன்றிரவு அதற்கு வழியில்லை. ஆகவே இந்திய அரசின் அலுவல் நடத்தை விதிகள், 1961இல் உள்ள விதி 12 எனக்குத் தரும் அதிகாரத்தைக் கொண்டு, அந்த விதிகளிலிருந்து விலகுவதை அனுமதிக்கிறேன். நாளை காலை முதல் வேலையாக கேபினட்டிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய இப்படிப் போகிறது கடிதம்.

சர்வாதிகாரம் என்றால் சட்டத்தைக் கிழித்தெறிவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே விதி எண், ஆண்டு எல்லாம் குறிப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு லீவ் லெட்டரின் பணிவோடு 21 மாத எமர்ஜென்சி தொடங்குகிறது.

இந்த விவரங்களை நான் வாசித்தது ஷா கமிஷன் அறிக்கையில். 1978இல் வெளியான அந்த அறிக்கை, 1980இல் இந்திரா மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் புழக்கத்திலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போனது. தன்னிடமிருந்த பிரதியை வைத்து 2010இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் திமுகவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன். அவர் செய்திருக்காவிட்டால் என்னைப் போன்ற ஆட்கள் கையில் இது கிடைத்திருக்காது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் யாரும் தன் கோடைத் தானே நேரடியாக ஓடும் சிஸ்டத்தில் ஏற்றிவிட முடியாது. இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆனால் நள்ளிரவில் சர்வர் விழுந்தால் என்ன செய்வது? அதற்காக ஒப்புதலைத் தாண்டிச் செல்ல ஒரு வழி எப்போதும் இருக்கும். அப்படி ஒரு வழி இல்லாமல் எந்தப் பெரிய சிஸ்டமும் ஓடாது. ஆகவே விதி 12ஐப் படித்ததும் எனக்கு அதிர்ச்சி எதுவும் வரவில்லை. இருக்க வேண்டியதுதானே என்றுதான் தோன்றியது. பிறகுதான் அடுத்த கேள்விகள் வந்தன. அந்த வழியை யார் திறக்கலாம்? திறந்ததை யார் பார்ப்பார்கள்? பார்க்கும்போது மூடுவதற்கு நேரம் மிச்சம் இருக்குமா?

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது. இந்திய ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவை, அதாவது குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சர்கள், செயலாளர்கள் என்று நீளும் அந்தச் சங்கிலியை, நாம் வழக்கமாக ஓர் அதிகாரப் படிநிலையாகப் படிக்கிறோம். யார் மேலே, யார் கீழே. அதை ஒரு கடிகாரமாகப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது.

2

முதலில் மேலே இருப்பவரிடமிருந்து தொடங்குவோம். 53ஆம் பிரிவு ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதையும் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. முப்படைகளின் உச்சத் தலைமையும் அவரே. அரசின் எல்லா ஆணைகளும் அவர் பெயரில்தான் வெளிவர வேண்டும் என்கிறது 77ஆம் பிரிவு. இதை மட்டும் படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், இந்தியாவை ஆள்வது ராஷ்டிரபதி பவன் என்று முடிவுகட்டிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

74ஆம் பிரிவு, அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் பிரதமரைத் தலைவராகக் கொண்ட அமைச்சர் குழு ஒன்று இருக்கும் என்றது. இருக்கும், சரி. அந்த ஆலோசனையை அவர் கேட்டே ஆக வேண்டுமா? 1950இல் அமலுக்கு வந்த மூல வாசகத்தில் அதற்கு வெளிப்படையான பதில் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வியை எழுப்பியவர், அந்தச் சபைக்கே தலைவராக இருந்த ராஜேந்திர பிரசாத். பிரிட்டனின் மன்னர் எப்படி அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடக்கிறாரோ அப்படியே இவரும் நடப்பார் என்பது அம்பேத்கரின் நிலைப்பாடு. எழுதிவைக்க வேண்டியதில்லை, மரபு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவரே முதல் குடியரசுத் தலைவரும் ஆனார் என்பதுதான் இதில் சுவாரஸ்யம். 1951இல் இந்து சட்ட மசோதா விவகாரத்தில், தன் சொந்த முடிவின்படி நடக்கும் உரிமை தனக்கு இருப்பதாக நேருவுக்கு எழுதினார். நேரு இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டார். ஒருவர் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட். இன்னொருவர் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: குடியரசுத் தலைவர் அமைச்சர் குழுவின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். பிரசாத் பின்வாங்கினார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1960 நவம்பர் 28 அன்று டெல்லியில் இந்தியச் சட்ட நிறுவனத்தின் விழாவில் பேசும்போது, இந்தியக் குடியரசுத் தலைவரும் பிரிட்டிஷ் மன்னரும் ஒன்றுதானா என்று சட்ட அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றார். பதவியில் பத்தாண்டுகள் இருந்த பிறகும்.

1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதை முடித்துவைத்தது. குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும், சில விதிவிலக்குகள் போக, அமைச்சர் குழுவின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். தீர்ந்தது பிரச்சினை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கட்டுப்பட வேண்டியது அமைச்சர் குழுவின் ஆலோசனைக்கு. பிரதமர் மட்டும் தனியாக வந்து ஒரு காகிதத்தை நீட்டினால்?

3

இந்த இடத்தில் அரசமைப்புச் சட்டத்தை மூடிவைத்துவிட்டு, அதைவிட மெலிந்த இன்னொரு ஆவணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதன் வேர் காலனியக் கல்கத்தாவில் இருக்கிறது.

1857க்கு முன் கவர்னர் ஜெனரலின் கவுன்சில் எல்லா விஷயங்களையும் கூட்டாகப் பார்த்து முடிவெடுப்பது வழக்கம். சாம்ராஜ்யம் பெருத்தபோது காகிதமும் பெருத்தது. கேனிங் பிரபு வேலையைப் பிரித்தார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் சில துறைகள். சாதாரண விஷயங்களை அவரே முடித்துவிடலாம், முக்கியமானவை மட்டும் கவர்னர் ஜெனரலிடமோ முழுக் கவுன்சிலிடமோ போகும். 1861ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் இப்படி விதி செய்துகொள்ளும் அதிகாரத்தை அவருக்குத் தந்தது. இன்று நாம் 'இலாகா' என்று சொல்கிறோமே, அது இங்கிருந்து வருகிறது. வெளியுறவை மட்டும் வைஸ்ராயே தன் கையில் வைத்துக்கொள்வார். 1946 செப்டம்பர் 2ஆம் தேதி இடைக்கால அரசு அமைந்தபோது சட்டப்படி அது வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சில்தான், நேரு அதன் துணைத் தலைவர். அவர் எடுத்துக்கொண்ட இலாகாக்களில் வெளியுறவும் ஒன்று. 1964இல் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. ஆட்கள் மாறினார்கள், மேஜை அப்படியே இருந்தது.

கேனிங்கின் ஏற்பாடு 77ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவாக நம் சட்டத்துக்குள் வந்தது. அரசின் அலுவல்களைச் சுலபமாக நடத்தவும் அமைச்சர்களிடையே பிரித்துக்கொடுக்கவும் குடியரசுத் தலைவர் விதிகள் செய்வார் என்கிறது அது. அப்படிச் செய்யப்பட்டவை இரண்டு. அலுவல் பகிர்வு விதிகள் எந்த விஷயம் எந்த அமைச்சகத்தைச் சேர்ந்தது என்று சொல்பவை. அலுவல் நடத்தை விதிகள் எந்த விஷயத்தை ஓர் அமைச்சரே முடிக்கலாம், எது கேபினட் கமிட்டிக்குப் போக வேண்டும், எது முழு கேபினட் முன் வந்தே ஆக வேண்டும் என்று சொல்பவை. இரண்டும் வெளியான நாள் 1961 ஜனவரி 14. தன் அதிகாரம் என்ன என்று பிரசாத் பொதுமேடையில் கேட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் பெயரிலேயே வந்த இந்த விதிகளில், பன்னிரண்டாவதாக ஒரு வாக்கியம். எந்த விஷயத்திலும், தேவை என்று தான் கருதும் அளவுக்கு, இவ்விதிகளிலிருந்து விலகுவதைப் பிரதமர் அனுமதிக்கலாம் அல்லது மன்னிக்கலாம்.

'மன்னிக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அனுமதி முன்கூட்டியே தருவது. மன்னிப்பு நடந்து முடிந்த பிறகு தருவது. இரண்டுமே பிரதமரின் கையில்.

இந்த விதிகளுக்கு இருக்கும் பலத்தைப் புரிந்துகொள்ள 1970ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு கேபினட் செயலகத்துக்குள் பணியாளர் துறை என்று புதிதாக ஒன்று உருவானது. ஐஏஎஸ் அதிகாரிகளை நிர்வகிக்கும் பொறுப்பு உள்துறையிடமிருந்து அங்கே வந்தது. கேபினட் செயலகமோ பிரதமரின் கீழ் இருப்பது. வெளிநாட்டு உளவுக்கான 'ரா' அமைப்பும் 1968இல் அங்கேதான் பிறந்திருந்தது. 1977இல் ஜனதா ஆட்சி வந்ததும் பணியாளர் துறை உள்துறைக்குத் திரும்பியது. 1985இல் தனி அமைச்சகமாகி மறுபடி பிரதமரிடம் வந்தது, இன்றுவரை அங்கேயே இருக்கிறது. பிரதமருக்கென்று லால் பகதூர் சாஸ்திரி காலத்தில் எல்.கே. ஜாவின் தலைமையில் வலுப்பெற்ற செயலகம், பி.என். ஹக்சர் காலத்தில் அரசின் மூளையாகவே மாறி, 1977இல் 'பிரதமர் அலுவலகம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இந்த மாற்றங்கள் எதற்கும் அரசமைப்புச் சட்டத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை. அட்டவணையில் ஒரு வரியை இங்கிருந்து எடுத்து அங்கே போட்டால் போதும்.

அரசமைப்புச் சட்டம் அதிகாரம் யாருடையது என்று சொல்கிறது. ஃபைல் எந்த வழியாகப் போகும் என்பதை இந்த விதிகள் சொல்கின்றன. இரண்டாவதைக் கையில் வைத்திருப்பவரே நடைமுறையில் ஆள்கிறார்.

4

இப்போது அந்த இரவுக்குப் போகலாம்.

ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, 1971இல் ரே பரேலியில் இந்திரா பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையுடன் தடை தந்தார். பிரதமராகத் தொடரலாம், அவையில் பேசலாம், உறுப்பினராக வாக்களிக்க முடியாது. மறுநாள் மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய பெருங்கூட்டம். அதே மாலை இந்திரா, மேற்கு வங்க முதல்வர் சித்தார்த்த சங்கர் ராயுடன் ராஷ்டிரபதி பவன் சென்று, என்ன செய்யப்போகிறோம் என்பதைக் குடியரசுத் தலைவரிடம் சொல்லிவிட்டார். எந்தப் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டியவர் ராய். கவனிக்க வேண்டியது, அவர் மத்திய அமைச்சர்கூட இல்லை.

ஏற்கெனவே நாட்டில் ஒரு நெருக்கடிநிலை அமலில் இருந்தது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடனான போருக்காக அறிவித்ததை யாரும் திரும்பப் பெற்றிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு எமர்ஜென்சியின் மேல் இன்னொன்று.

இரவு கடிதம் ராஷ்டிரபதி பவனுக்குப் போனது. குடியரசுத் தலைவர் அதைத் தன் செயலாளர் கே. பாலசந்திரனிடம் காட்டினார். இப்படிச் செய்ய அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை, நீங்கள் அமைச்சர் குழுவின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று தான் சொன்னதாக பாலசந்திரன் ஷா கமிஷனில் சாட்சியம் அளித்தார். அந்த நீண்ட சங்கிலியில் அன்றிரவு சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அநேகமாக அவர்தான். குடியரசுத் தலைவர் பிரதமருடன் போனில் பேசினார். பிரகடனத்தின் வரைவோடு ஆர்.கே. தவான் வந்து சேர்ந்தார். நள்ளிரவுக்கு முன் கையெழுத்து விழுந்துவிட்டது.

யாருக்குத் தெரியாது என்ற பட்டியல்தான் இதில் முக்கியம். கேபினட் செயலாளரைக் கேட்கவில்லை. உள்துறைச் செயலாளரைக் கேட்கவில்லை. சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலேவுக்கே காலையில்தான் தெரியும். உளவுத்துறைத் தலைவரிடமும் கலந்து பேசவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லும் ஒரு பிரகடனம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களின் மேஜை வழியாகப் போகாமலேயே போய்ச் சேர்ந்தது. நெருக்கடிநிலைப் பிரகடனம், கேபினட் முன் கட்டாயம் வர வேண்டியவை என்று அலுவல் நடத்தை விதிகள் தரும் பட்டியலில் இருக்கும் விஷயம். விதி 12 அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

விடிவதற்குள் டெல்லியில் பல நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் இல்லை. ஜெயப்பிரகாஷ் நாராயணும் மொரார்ஜி தேசாயும் கைதாகியிருந்தார்கள். காலை 6 மணிக்கு கேபினட் கூடியது. ஸ்வரண் சிங் மட்டும் ஏதோ கேள்வி கேட்டதாகச் சொல்வார்கள். கேபினட் ஒப்புதல் தந்தது. சிறிது நேரத்தில் இந்திராவின் குரல் வானொலியில் ஒலித்தது.

அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஓர் அமைச்சரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். முந்தைய நாள் மாலை 6 மணிக்கு இதே கேள்வி வந்திருந்தால், 'வேண்டாம்' என்று சொல்வது ஒரு கருத்து. காலை 6 மணிக்கு அதைச் சொல்வது கலகம். தலைவர்கள் சிறையில் இருக்கிறார்கள், பிரகடனம் கையெழுத்தாகிவிட்டது. இப்போது மறுத்தால் நீங்கள் எதிர்ப்பது ஒரு யோசனையை இல்லை, ஓர் அரசை. அமைச்சர்கள் கோழைகளாக இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தைரியசாலிகளுக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் செலவு பல மடங்கு ஏறியிருந்தது. பின்னேற்பு என்று நாம் சொல்வது ஒப்புதலின் தாமதமான வடிவம் கிடையாது. அது வேறு பொருள். முன்னதில் 'முடியாது' என்ற பதிலுக்கு இடம் உண்டு.

அதே டிசம்பரில் அபு ஆபிரகாம் இந்தியன் எக்ஸ்பிரஸில் ஒரு கார்ட்டூன் வரைந்தார். குளியல் தொட்டியில் கிடக்கும் குடியரசுத் தலைவர், கதவு இடுக்கு வழியாகக் கையெழுத்திட்ட காகிதத்தை நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். தணிக்கையைத் தாண்டி எப்படியோ அச்சேறிய படம். சிரித்துவிட்டு யோசித்தால், அபு சொன்ன அந்தக் 'கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது' ஒன்றுதான் அந்தப் பதவியின் நிஜமான அதிகாரம்.

5

1978இல் 44ஆவது திருத்தம் இதைத்தான் சரிசெய்ய முயன்றது. அதற்கு முன் 1976இல், எமர்ஜென்சி நடுவிலேயே, 42ஆவது திருத்தம் 74ஆம் பிரிவில் அந்தப் பழைய மௌனத்தை நிரப்பியிருந்தது: குடியரசுத் தலைவர் ஆலோசனைப்படி நடந்தே ஆக வேண்டும். ஜனதா அரசு அதை நீக்கவில்லை. ஒரு சிறிய இடைவெளியைச் சேர்த்தது. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்தால் ஏற்க வேண்டும்.

352ஆம் பிரிவிலும் கைவைத்தார்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவற்றோடு, கேபினட்டின் முடிவு எழுத்துபூர்வமாக வந்து சேர்ந்தாலன்றிக் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யக்கூடாது என்று ஒரு நிபந்தனை. இந்திய அரசமைப்புச் சட்டத்தில் 'கேபினட்' என்ற சொல் வருவது இந்தப் பிரிவில் மட்டும்தான். நாட்டை நடத்தும் அமைப்பின் பெயர், அது ஓர் இரவு தூங்கவிடப்பட்ட காரணத்தால், 28 ஆண்டுகள் கழித்துச் சட்டத்துக்குள் நுழைந்தது.

இது மென்மையான மாற்றம் போலத் தெரியும். ஆனால் விதி 12 இனி 352ஐத் தொட முடியாது. விதியால் சட்டத்தைத் தாண்ட முடியாதே.

திருப்பி அனுப்பும் அந்த ஒரு வாய்ப்பை அதிகம் மதித்தவர் கே.ஆர். நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசை நீக்க குஜ்ரால் கேபினட் பரிந்துரைத்தபோது திருப்பி அனுப்பினார். கேபினட் விட்டுவிட்டது. 1998 செப்டம்பரில் பீகார் அரசை நீக்கச் சொன்ன வாஜ்பாய் அரசுக்கும் அதே பதில். 1999 பிப்ரவரியில் பரிந்துரை மறுபடி வந்தது, அவர் கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் ஆதரவு கிடைக்காது என்று தெரிந்து மார்ச்சில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. எதையும் அவர் ரத்து செய்யவில்லை. இரண்டாம் முறை யோசிக்க வைத்தார், அவ்வளவுதான். ஜெயில் சிங் வேறு வழி பார்த்தார். கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடம்தந்த 1986ஆம் ஆண்டின் அஞ்சல் மசோதாவில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 111ஆம் பிரிவில் காலக்கெடு இல்லை. அவர் பதவியில் இருந்தவரை மசோதா மேஜையிலேயே கிடந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை இப்படி இழுத்தடிப்பது ஜனநாயகமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று மசோதாக்களை ஆளுநர்கள் முடக்கிவைக்கும் காலத்தில் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு தாமதத்தைப் புகழ்வது எனக்கும் கொஞ்சம் சங்கடம்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணம் எழுதி, வெளிச்சத்தில், ஒருமுறை திருப்பி அனுப்புவது ஒன்று. பதிலே சொல்லாமல் ஃபைலின் மேல் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. நாராயணன் செய்தது முதலாவது. ஜெயில் சிங் செய்தது, விளைவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இரண்டாவது.

6

ஓட்டை ஒன்றை அடைக்கும்போது, அதே தவறு வேறெங்கு இருக்கிறது என்றும் தேட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். 44ஆவது திருத்தம் எழுத்துபூர்வ கேபினட் முடிவை 352க்கு மட்டும் கேட்டது. மாநில அரசுகளைக் கலைக்கும் 356க்குக் கேட்கவில்லை.

356 என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை அதைப் பார்த்தவர்கள் நாம். 1991 ஜனவரியில் திமுக அரசைக் கலைக்க அறிக்கை தருவதற்கு ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்துவிட்டார். ஆளுநரின் அறிக்கையிலிருந்தோ 'பிற வகையிலோ' குடியரசுத் தலைவர் திருப்தியடைந்தால் போதும் என்கிறது சட்டம். அந்தப் 'பிற வகை'யைக் கொண்டு சந்திரசேகர் அரசு கலைப்பைப் பரிந்துரைத்தது. கையெழுத்திட்டவர் ஆர். வெங்கட்ராமன், காமராஜர் அமைச்சரவையில் தமிழ்நாட்டுத் தொழில் அமைச்சராக இருந்தவர். குடியரசுத் தலைவர் பதவியை மின்சாரம் போனால் தானாக எரிந்து, வந்தால் தானாக அணையும் அவசர விளக்குக்கு ஒப்பிட்டவரும் அவரே. அன்று அந்த விளக்கு எரியவில்லை.

2005 மே மாதம் பீகார். கேபினட் இரவில் கூடியது, ஆகவே விதி 12 தேவைப்படவில்லை. பரிந்துரை ஃபேக்ஸில் மாஸ்கோவுக்குப் போனது. அரசுமுறைப் பயணத்தில் அங்கிருந்த அப்துல் கலாம் கையெழுத்திட்டார். சட்டமன்றம் கலைந்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று சொன்னது. ஆனால் பழைய சபை உயிர்பெறவில்லை, புதுத் தேர்தல் நடந்தது. அந்தத் தீர்ப்பையொட்டிப் பதவி விலக நினைத்ததாகக் கலாம் பின்னாளில் எழுதினார். படிவங்கள் எல்லாம் சரியாக இருந்தன. இல்லாமல் போனது படித்துப் பார்க்க ஒரு பகல்.

2019 நவம்பர் 23. மகாராஷ்டிரத்தில் பதினொரு நாட்களுக்கு முன் வந்த குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்ட நேரம் அதிகாலை 5:47. எட்டு மணி வாக்கில் தேவேந்திர ஃபட்னாவிஸ் முதல்வராகப் பதவியேற்றார். மக்கள் டிவியைப் போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. கேபினட் எப்போது கூடியது என்ற கேள்விக்கு அரசின் பதில்: பிரதமர் விதி 12ஐப் பயன்படுத்தினார். 1975க்கும் இதற்கும் விளைவில் ஒப்பீடே கிடையாது. ஒன்று நாட்டையே சிறைக்குள் தள்ளியது. மற்றொன்று ஒரு ஆட்சியைத் திணித்தது. நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், நவம்பர் 26 அன்று அந்த ஆட்சியே ராஜினாமா செய்தது. ஆனால் பொறிமுறை ஒன்றுதான். அதே விதி, அதே அதிகாலை, அதே பின்னேற்பு.

எந்தக் கட்சி என்று பாருங்கள்: காங்கிரஸ், ஜனதாவிலிருந்து உடைந்த ஒரு சிறு பிரிவு, காங்கிரஸ் கூட்டணி, பாஜக. இதில் ஒருவரை மட்டும் வில்லனாக்கிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்க முடியாது.

7

நல்ல தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை. நல்ல சட்டம் எழுதினால் சரியாகிவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நான் நெடுநாள் நம்பினேன். பொறியியல் படித்தவனுக்கு அது இயல்பு. இந்தக் கதைகளைத் தொடர்ந்து படித்தபோது, சட்டம் எழுதுவதிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது என்று தெரிந்தது. நாம் 'யார்' என்று எழுதுகிறோம், 'எப்படி' என்று எழுதுகிறோம், 'எவ்வளவு நேரம்' என்று எழுத மறந்துவிடுகிறோம்.

விதி 12ஐ நீக்கச் சொல்ல மாட்டேன். போர் வரும், வெள்ளம் வரும், கேபினட் கூட நேரமில்லாத இரவுகள் நிச்சயம் வரும். கேட்பது ஒன்றுதான். கேபினட் கூடும்போது 'முடியாது' என்று சொன்னால் பின்னால் எடுக்கக்கூடிய முடிவுகளுக்கு மட்டும் அந்த வழி இருக்கட்டும். நிவாரண நிதியை முன்கூட்டியே விடுவிக்கலாம், அடுத்த நாள் கணக்குக் கேட்கலாம். ஆட்சியைக் கலைப்பதும் அமைப்பதும் மனிதர்களைச் சிறையில் அடைப்பதும் அடுத்த நாள் திரும்பப் பெறக்கூடியவை இல்லை. 352க்குச் செய்ததை 356க்கும் செய்ய ஒரு வரி போதும்: கேபினட்டின் முடிவு எழுத்தில் வந்து சேரும்வரை கையெழுத்து இல்லை.

அந்த வரி வரும்வரை, அரசாணை ஒன்றைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அதில் கையெழுத்திட்டவரின் பெயரை அல்ல. எத்தனை மணிக்குக் கையெழுத்தானது என்று பார்க்கிறேன்.